அம்பர் மாலையா, பேக்கலைட் மாலையா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் தேன் நிற மணிமாலையும் வெண்ணிற வளையல் ஜோடியும் பார்த்து வைத்திருக்கிறேன். மாலை பர்மா அம்பர் (மரப்பிசின் இறுகிக் கல்லானது), வளையல் யானைத் தந்தம், இரண்டும் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர் வீட்டுச் சாமான் என்கிறார் கடைக்காரர். மாலை மட்டும் 18,000 ரூபாய். எல்லாம் அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் என்கிறார் என் நாத்தனார். எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, தேவகோட்டை)

பதில்: வளையலை இப்போதே மறந்துவிடுங்கள். இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986-லும், இறக்குமதித் தந்தத்துக்கு 1991-லும் தடை வந்துவிட்டது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். அது தந்தமே இல்லை என்றால், கடைக்காரர் சொல்வது பொய். இரண்டில் எதுவானாலும் நீங்கள் பணம் கொடுக்கக் கூடாது.

பெரும்பாலும் அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருக்கும். 1870 வாக்கில் அமெரிக்காவில் வந்த இந்தப் பொருளைத் தந்தத்துக்கு மாற்றாகவே விற்றார்கள்; தந்தம் போலத் தெரிய மெல்லிய கோடுகள்கூடப் போட்டார்கள். அந்தக் கோடுகள் ஒரே சீராக, இணையாக ஓடும். நிஜத் தந்தத்தின் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகும்.

மாலைக்கு வருவோம். லியோ பேக்லண்ட் 1907-ல் கண்டுபிடித்த பிளாஸ்டிக்தான் பேக்கலைட். பழைய வீடுகளின் கறுப்பு சுவிட்சு அதில் செய்ததுதான். நகைக்குப் பயன்பட்டது நிறம் சேர்த்து வார்த்த வகை. வருஷக்கணக்கில் வெளிச்சமும் காற்றும் பட்டு அதன் மேற்பரப்பு மஞ்சளடித்துவிடும். அம்பர் என்று சொல்லி விற்க அந்த நிறமே போதும்.

மூக்கை நம்புங்கள். ஒரு மணியைக் கட்டைவிரலால் சூடேறும் வரை அழுத்தித் தேய்த்து உடனே முகருங்கள். கார்பாலிக் (கிருமிநாசினி) நெடி வந்தால் பேக்கலைட். சூடம் மணத்தால் செல்லுலாய்டு. அதைச் செய்வதே சூடம் கலந்துதான். பால் தீய்ந்த வாடை என்றால் பால் புரதத்தில் செய்த கேசின் பிளாஸ்டிக். தேய்த்து வாடை வராவிட்டால் ஒரு மணியை மட்டும் சில நொடி வெந்நீரில் காட்டி முகரலாம். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கக் கடைக்காரரே முன்வந்தாலும் விடாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். அம்பராக இருந்தால் மணியில் தழும்பு விழும்.

இன்னொரு சோதனை உப்புத் தண்ணீர். இதற்கு மேல் கரையாது என்ற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் கோக்காத ஒரு மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட், செல்லுலாய்டு, கேசின் மூன்றும் மூழ்கும். ஆனால் மிதந்ததாலேயே அம்பர் என்று சொல்லிவிட முடியாது. பாலிஸ்டைரீன் போன்ற பிற்காலப் பிளாஸ்டிக்கும் மிதக்கும். மூழ்கினால் மட்டும் சந்தேகமே வேண்டாம், அம்பர் இல்லை. சோதித்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

பேக்கலைட் என்று தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கையால் செதுக்கிய நல்ல மணிகளை விரும்பிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எனக்கும் அவற்றின் மேல் ஆசை உண்டு. ஆனால் அதற்குப் பேக்கலைட் விலைதான் தர வேண்டும். முனீஸ்வரன் கோவில் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, இதே மாதிரி மணிக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மணியில் அச்சு ஒட்டிய கோடு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வார்த்துச் செதுக்கியதில் அது இருக்காது; இருந்தால் அண்மையில் அச்சில் அடித்த போலி என்று சந்தேகப்படுங்கள்.

ரங்கூன் கதை உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் அது மாலை எதனால் ஆனது என்பதற்குச் சாட்சி ஆகாது. "அம்பர் மணிமாலை" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்க வேண்டாம். எழுதிக் கொடுத்து, பிறகு வேறு பொருள் என்று தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.