நீலத்துக்கு எதற்கு நோபல்?

அன்புள்ள ஐயா,

எல்.இ.டி. பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. அப்புறம் நீல எல்.இ.டி.க்காக 2014-ல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் கொடுத்தது கொஞ்சம் அதிகமில்லையா? இன்னொரு நிறம், அவ்வளவுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீலம் இல்லாவிட்டால் நம் வீட்டு வெள்ளை விளக்கு கிடையாது. பழுதாகிப்போன எல்.இ.டி. பல்பு இருந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின்மேல் மஞ்சள் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் இருப்பது நீல எல்.இ.டி.தான். அதன் ஒளியில் ஒரு பங்கை மஞ்சள் பூச்சு உறிஞ்சி மஞ்சளாக வெளியிடுகிறது; மிச்ச நீலத்தோடு அது கலந்தால் வெள்ளை. சிவப்பு ஒளிக்கு ஆற்றல் குறைவு. அதை வைத்து இதைச் செய்ய முடியாது.

நீலம் இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம், நீல ஒளி தரவல்ல காலியம் நைட்ரைடு என்ற பொருள். சஃபையர் தகட்டின்மேல் அதை வளர்த்தால் இரண்டின் அணு அடுக்குகளும் பொருந்தாமல் விரிசல் விழும். பலர் அதைக் கைவிட்டு துத்தநாக செலினைடு பக்கம் போனார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் விடவில்லை. முதலில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய படலமாக இட்டு, அதன்மேல் 1986-ல் நல்ல படிகத்தை வளர்த்தார்கள்.

அடுத்த முட்டுக்கட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்.இ.டி.க்கு பி-வகை அடுக்கு, அதாவது எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள அடுக்கு, வேண்டும். அதற்காகச் சேர்த்த மெக்னீசியம் வேலை செய்யவே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது அந்தப் படிகம் கூடுதலாக ஒளிர்வதை இருவரும் தற்செயலாகக் கண்டார்கள். 1989-ல் எலக்ட்ரான் கற்றை பாய்ச்சியே பி-வகையைச் செய்தும் காட்டினார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்பதை விளக்கியவர் நிச்சியா என்ற ஜப்பானிய நிறுவனத்தில் இருந்த நாகமுரா. படிகம் வளர்க்கப் பயன்படும் அம்மோனியாவிலிருந்து ஹைட்ரஜன் வந்து மெக்னீசியத்தைக் கட்டிப்போடுகிறது. நைட்ரஜன் சூழலில் சூடாக்கினாலே அது விலகிவிடும் என்று 1992-ல் காட்டினார். கற்றையால் ஒவ்வொரு தகடாக வருடிக்கொண்டிருந்தால் தொழிற்சாலை நடத்த முடியாது. உலையில் சூடாக்கி நடத்தலாம். அடுத்த ஆண்டே பளிச்சென்ற நீல எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது.

பலன் என்னவென்று கேட்டால், குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு சுமார் 16 லூமன் (ஒளியை அளக்கும் அலகு) தரும். 2014-ல் நோபல் குழு சொன்ன எல்.இ.டி. சாதனை 300-க்கும் மேல். இந்த மிச்சத்தால்தான் சின்ன சோலார் தகடும் சின்ன பேட்டரியும் ஒரு வீட்டுக்கு விளக்கேற்றப் போதுமானதாகின்றன. எனக்கு இது அதிகமாகத் தோன்றவில்லை.

சிவப்புக்காக நீங்கள் வருந்துவதிலும் நியாயம் உண்டு. அதைச் செய்த நிக் ஹோலோன்யாக் 2014-ல் உயிரோடு இருந்தார். ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பிரிக்க விதி இடம் தராது. அவருக்குத் தனியாகவே ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.