பாட்டிலை விட்டு வந்ததும் கன்று ஏன் வாடுகிறது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஜி-9 ரக டிஷ்யூ கல்ச்சர் (ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த) வாழைக் கன்றுகளைப் பாட்டிலோடு வாங்கி, மார்ச்சில் தொட்டியில் நட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் சில தொங்கிவிட்டன, சில அடியில் அழுகிவிட்டன. இன்னொரு பாட்டில் மீதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் ஊற்றிய தண்ணீர் போதாமல் அவை வாடவில்லை. மூடிய பாட்டிலுக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம். அங்கே விரிந்த இலையில் மெழுகுப் பூச்சு மிக மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடாது. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கும். பெங்களூரின் மார்ச் மாத மதியக் காற்றுக்கு அது எப்படித் தாங்கும்?

அழுகலுக்குக் காரணம் வேறு. பாட்டிலில் கன்று வளரும் ஆய்வக ஊடகத்தில் (சத்துக்கூழில்) லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். வேரில் ஒட்டிய அகரை, அதாவது அந்தக் கூழை, கழுவாமல் நட்டால் பூஞ்சைக்கு விருந்துதான். அதன்மேல் தினமும் தண்ணீர் வேறு!

மீதமுள்ள கன்றுகளை மாலையில் எடுங்கள். சாதாரணத் தண்ணீரில் அகர் துளியும் இல்லாமல், வேர் அறுபடாமல் அலசுங்கள். கழுவிய தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டிலோ சின்னக் கப்பிலோ நடுங்கள். பெரிய தொட்டி இப்போது வேண்டாம். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி போட்டு, வெளிச்சம் வரும் ஆனால் நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் வைத்தால் மூடிக்குள் வெந்துவிடும். முதல் வாரம் மூடியபடியே இருக்கட்டும். அப்புறம் தினமும் கொஞ்ச நேரம் திறந்து, அந்த நேரத்தை மெல்லக் கூட்டுங்கள். நார் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது.

பழைய இலைகள் காய்ந்தால் கவலைப்படாதீர்கள். வெளிக்காற்றில் புதிதாக விரியும் இலைதான் இந்தச் சூழலுக்கு ஏற்றது. அப்படி இரண்டு வந்தபின் மூடியை எடுத்துவிடலாம். நீர்த்த உரமும் அதற்குப் பிறகுதான். அடுத்து பாலித்தீன் பைக்கு மாற்றி, 50 சதவீத நிழல்வலையில் நாலைந்து வாரம் வைத்திருந்து, பிறகு பெரிய தொட்டி.

உண்மையைச் சொன்னால், மாடித்தோட்டத்துக்குப் பாட்டில் கன்று தேவையில்லாத தலைவலி. அடுத்தமுறை ஹார்டனிங் (இப்படி வெளிக்காற்றுக்குப் பழக்குவது) முடிந்து பையில் வளர்ந்த கன்றையே வாங்குங்கள். டிஷ்யூ கல்ச்சர் என்பதாலேயே வைரஸ் இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம். தாய் மரத்தில் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் இருந்தால் கன்றுக்கும் வரும். திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றிதழ் முறை இருக்கிறது. அந்தச் சான்று உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள்.