விரல் நின்ற இடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா? ஆம் / இல்லை’ என்று கேட்டிருக்கிறோம். வருவது பெரும்பாலும் ‘ஆம்’தான். ஆனால் அதே பக்கங்களில் உள்ள விஷயத்தையே கேட்டு வாடிக்கையாளர்கள் தினமும் போன் செய்கிறார்கள். வாசகர் கருத்தை எப்படித்தான் வாங்குவது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மாட்டிக்கொண்டவர் பக்கத்தின் அடிவரை வருவதே இல்லை. நாலாவது வரியிலேயே கையேட்டை மூடிவிட்டு உங்களுக்குப் போன் போட்டுவிடுகிறார். ‘ஆம்’ போடுகிறவர் எப்படியோ கரையேறியவர்.

சில வருடங்களுக்கு முன் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. கணக்கு எழுதும் பெண்மணி, நான் எழுதிய கையேட்டைப் பார்த்து பிரிண்டரை இணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரிக்கு வரி விரல் வைத்து வாசித்து வந்தவர், ‘முன்னிருப்பு அச்சுப்பொறியைத் தெரிவு செய்க’ என்ற இடத்தில் நின்றார். விரல் மேல் வரிக்குப் போனது, திரும்பி வந்தது. ஏதாவது படம் இருக்கிறதா என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசியில் கடைப் பையனைக் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் கையேடு எப்படி என்று கேட்டேன். “நல்லா இருக்குங்க. எனக்குத்தான் கம்ப்யூட்டர் அவ்வளவா வராதுங்க” என்றார்.

அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. புரியாதபடி எழுதியது நான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது அவர். படிவம் நீட்டியிருந்தால் குறை ஒன்றும் இல்லை என்றே எழுதித் தந்திருப்பார்.

1980களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கரோலும் அவருடன் இருந்தவர்களும் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். கணினியில் கடிதம் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்களை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யச் சொன்னார்கள். கையேட்டை வரிசையாகப் படிக்கும் பொறுமை கற்க வந்தவர்களுக்கு இல்லை. நேராக வேலையில் இறங்கித் தப்புச் செய்தார்கள். மீள வழி தேடினார்கள். பிறகு கரோல் குழு எழுதிய கையேடு வெகுவாகச் சுருங்கியது, தவறிலிருந்து மீளும் வழி அதில் இடம் பிடித்தது.

ஆகவே அந்தப் போன்களைத் தொல்லையாக நினைக்காதீர்கள். போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, கேள்வியைக் கேட்டவரின் சொல்லிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ‘பில் வேற பிரிண்டர்ல அடிக்குது’ என்று அவர் சொன்னால் கையேட்டில் அதுவே தலைப்பாகட்டும். ஆம், இல்லை கேட்பதை விட்டுவிட்டு, ‘என்ன செய்ய வந்தீர்கள்?’ என்று ஒரு காலிக் கட்டம் வையுங்கள்.

அந்தக் கட்டத்தில் எழுதியவருக்குக் கட்டாயம் பதில் போடுங்கள். கணினி அறிஞர் டொனால்ட் குனுத் தன் புத்தகங்களில் பிழை கண்டு சொன்னவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். 256 சென்ட், கணினிக்காரர்கள் பதினாறு பதினாறாக எண்ணும் ஹெக்ஸாடெசிமல் கணக்கில் அது 100. பலர் அதை வங்கியில் போடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 2008இல் காசோலையை நிறுத்திய பிறகும் அதற்குப் பதிலாகச் சான்றிதழ் அனுப்பினார். உங்களுக்குக் காசோலை தேவையில்லை. ‘நீங்கள் சொன்ன வரியைத் திருத்திவிட்டோம், பாருங்கள்’ என்று ஒரு வாட்ஸப் போதும்.

அதிகம் போன் வருகிற பக்கம் எதுவோ, அதை எனக்கு அனுப்புங்கள். வாசித்துவிட்டு எழுதுகிறேன்.