கல்யாணத்துக்கு என்ன கொடுக்கலாம்? பாத்திரக்கடை அக்காவின் பதில்கள்

திருநெல்வேலியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பா காலத்திலிருந்து கல்யாணச் சாமான்களில் பேர் வெட்டிக் கொடுக்கிறோம். முகூர்த்த மாதம் முடிந்ததும் பிரிக்காத ஹாட்பாக்ஸ், மூன்று நான்கு டின்னர் செட் என்று தூக்கிக்கொண்டு புதுசாகக் கல்யாணமானவர்கள் "மாத்தித் தருவீங்களா?" என்று வந்து நிற்பார்கள். எது அடுப்படியில் புழங்கும், எது பரணுக்குப் போகும் என்று அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவளுக்குத் தை மாதம் கல்யாணம். வேறு யாரும் கொடுக்காத பொருளாக இருக்க வேண்டும். கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது.

பத்தமடைப் பாய் கொடும்மா. கடையில் தொங்குவதை வாங்காதே. பொண்ணு மாப்பிள்ளை பேரும் கல்யாணத் தேதியும் போட்டு நெய்யச் சொல்லு. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப் போட்டு, சாயம் ஏற்றித் தறிக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் அந்த ஊர் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள்தான் நெய்கிறார்கள். எங்கள் பக்கம் எந்த மதத்துக் கல்யாணமானாலும் சீரில் அந்தப் பாய் போகும். எனக்கு அதில் எப்போதும் ஒரு பெருமை உண்டு.

பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல், 100, 120, 140 என்று ஏற ஏறப் பாய் நயமாகும். கையில் எடுத்தால் துணி போல வளையும். அந்த ரகத்துக்கு உன் பணம் பத்தாது. நடுத்தர ரகத்தில் பேர் போட்டு வாங்கு. தறியில் பல நாள் வேலை இருக்கிறது, அதனால் ஐப்பசியிலேயே சொல்லிவிடு. பேரைப் போனில் சொல்லாதே, எழுத்துப் பிழை வந்தால் பாயில் திருத்த முடியாது. தாளில் எழுதிக் கொடு. மடிக்காமல் சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்று அவளிடமும் சொல்லிவிடு.

அண்ணன் மகள் கல்யாணமானதும் பெங்களூர் போகிறாள். அத்தை என்கிற முறையில் ஈயச் சொம்பும் கல்சட்டியும் வாங்கிக் கொடுக்க ஆசை. சரிப்படுமா?

முதலில் அவள் வீட்டில் என்ன அடுப்பு என்று கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் இரண்டுமே சூடாகாது. கேஸ் அடுப்பிலும் ஈயச் சொம்புக்குக் கவனம் வேண்டும். அது வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிறவரை பயமில்லை. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் கண் முன்னாலேயே ஓட்டையாகும். காரீயம் கலக்காத நல்ல வெள்ளீயமா என்று தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வார்ப்பிரும்புத் தோசைக்கல் கொடுப்பேன். அடி தட்டையாக இருந்தால் இரண்டு அடுப்புக்கும் ஆகும். ஆனால் புதுக்கல்லாகக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் உங்கள் வீட்டிலேயே நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துச் சுட்டுப் பழக்குங்கள். தோசை ஒட்டாமல் எழும்பி வருகிற கல்லைக் கையில் கொடுத்தால், வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. கல்யாணத்துக்கு இரும்பு கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் அவளிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். விலைக்குக் கொடுத்ததாகிவிடும்.

மொய் எழுதுவது மட்டும் போதாதா? பணம் கொடுத்தால் யோசிக்காமல் கொடுத்தது போல ஆகுமா?

மொய்யைக் குறைத்து நினைக்காதீர்கள். நோட்டில் எழுதி, அடுத்த வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிற முறை அது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தென்று தனியாகவே வைக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மேடையடியில் எழுதுகிற மொய் பல வீடுகளில் பெற்றவர்களின் மண்டப வாடகைக்கும் சமையல் கூலிக்கும் போய்விடும். அது நியாயமும்தான். பொண்ணு மாப்பிள்ளை கைக்கே சேர வேண்டுமென்றால், மறுவீடெல்லாம் முடிந்த பிறகு நேரில் போய்க் கொடுங்கள்.

நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து கொடுக்கிறோம். பணம் பிரச்சினை இல்லை, யோசனைதான் வரவில்லை.

வாஷிங் மெஷினா, கட்டிலா என்று அவர்களிடமே கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று ஒரே பொருள் இரண்டு வரவேண்டாம். அதோடு உங்களில் ஒருவர் கல்யாணப் பதிவு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். விருந்து, பிரயாணம் என்று அந்த நாட்கள் ஓடிவிடும். விண்ணப்பம், போட்டோ, பத்திரிகை, முகவரிச் சான்று எல்லாம் சேர்த்துவைத்து, சாட்சிக் கையெழுத்துக்கும் வந்து நின்றால், பாஸ்போர்ட், விசா என்று அலையும்போது உங்களை நினைப்பார்கள்.

பாத்திரத்தில் யார் பேரை வெட்டுவது?

அவர்கள் பேரும் தேதியும். உங்கள் பேர் அடிப்பக்கம் சின்னதாக இருந்தால் போதும்.

எங்கள் ஆச்சிக்கு நடமாட்டம் இல்லை. பெரியம்மா மகன் கல்யாணத்துக்கு வர முடியாது. ஆச்சி சார்பில் ஏதாவது கொடுக்க வேண்டும் அக்கா.

தம்பி, இதைப் படித்ததும் எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நாள் ஆச்சி பக்கத்தில் உட்காருங்கள். நலங்குப் பாட்டோ தாலாட்டோ தெரிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் இருமல் வந்தாலும் வெட்டாதீர்கள். பிறகு குழம்புப் பொடிக்குக் கணக்குக் கேளுங்கள். "ஒரு கை மல்லி, அரைக்கை மிளகு" என்றுதான் சொல்வார்கள். ஆச்சி கையாலேயே அள்ளிப் போடச் சொல்லி, ஒவ்வொரு கையையும் தராசில் நிறுத்து கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். வேறு யார் கையும் அந்த அளவு வராது. முதல் பொடியை அவர்களே ஒரு தடவை கிளறிவிடட்டும். அதைப் போட்டுக் கொடுக்க எவர்சில்வர் சம்படம் நம் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆச்சி பேர் வெட்டக் கூலி வேண்டாம்.