வீட்டில் அச்சடித்த டீ-சேர்ட்டின் மை ஏன் முதல் கழுவலிலேயே போகிறது?

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையை ரப்பர் பட்டையால் வழித்துச் சேர்ட்டில் இறக்குவது. மா அரிதட்டுக்கு அடியில் ஓட்டை வெட்டிய கடதாசியை வைத்து அரித்தால், ஓட்டை உள்ள இடத்தில் மட்டும்தானே மா விழும்? அதே கதைதான்.

வீட்டில் பெரும்பாலும் பாவிப்பது தண்ணீர் சேர்ந்த மை. தண்ணீர் ஆவியானதும் நிறத்தூளும் பிசினும் நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல சூடு பட்டால்தான் பிசின் இறுகி நூலைப் பிடிக்கும். பல மைகளுக்கு 150 பாகை செல்சியஸ் அளவில் வேண்டும். அச்சின்மேல் பேக்கிங் கடதாசி விரித்து, நீராவி இல்லாமல், சில நிமிடங்கள் அழுத்தி அயன் பண்ணுங்கள். என் முதல் சேர்ட் வெள்ளவத்தை பல்கனியில் மூன்று நாள் தொங்கியது. வாளியில் போட்டதும் தண்ணீர் நீலமாகிவிட்டது!

வெயிலில் போட்டால் போதும் என்பார்கள். கொழும்பு வெயில் மையைக் காயவைக்கும், இறுகவைக்காது.