பிக்கப் மேடு ஏறத் திணறுகிறதா? டர்போவைக் கழற்றும் முன் ஹோஸைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு பொம்மனஹள்ளியில் வசிக்கிறேன். 2018 மாடல் டீசல் பிக்கப்பில் ஓசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிறேன். சில வாரங்களாக, லோடுடன் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுப்பதில்லை. மிதித்தால் கரும்புகை தள்ளுகிறது. காலியாக ஓட்டினால் குறை தெரிவதில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. டர்போ போய்விட்டது, 38 ஆயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. அதை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கரும்புகை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. டீசல் போதிய அளவு உள்ளே போய், அதை முழுவதும் எரிக்கத் தேவையான காற்று போகாதபோதுதான் புகை கறுக்கிறது. டீசல் ஃபில்டர் அடைத்து இழுவை குறைந்திருந்தால் புகை இப்படிக் கறுத்திருக்காது. ஆகவே காற்றுப் பாதையைப் பார்க்கும் முன்பே பம்பை இறக்குகிறேன், இன்ஜெக்டரை டெஸ்டுக்கு அனுப்புகிறேன் என்று யாராவது தொடங்கினால் கையைப் பிடித்து நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடுத்தது ஹோஸ். டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குச் செல்லும் பாதையில் உள்ள ரப்பர் ஹோஸ்கள், பெரும்பாலும் கிளாம்ப் இறுக்கும் ஓரத்தில், நாளடைவில் வெடிப்பு விடும். வண்டி நிற்கும்போது அந்த வெடிப்பு மூடியே இருக்கும். லோடுடன் மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி அது வாய் திறக்க, காற்று வெளியே போய்விடும். காலி வண்டியில் குறை தெரியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜின் ஆறியபின், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் அப்பிய தூசியும் இருந்தால், கசிவு அங்கேதான். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்; புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றிருந்தாலும் இதே குறைதான், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். அந்த வால்வைத் தகடு வைத்து அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், அது சட்டவிரோதம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சமதளத்தில் நான்காவது கியரில் மெதுவாகச் சென்றுகொண்டே அழுத்தி மிதியுங்கள். இன்ஜின் சத்தம் சட்டென உயர்ந்தும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். அப்போது இன்ஜினில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. கரும்புகை இருப்பதால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். இழுவையற்ற வண்டியைச் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் அரை கிளட்சிலேயே நகர்த்தி நகர்த்தி அதுவும் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் ஹோஸை மாற்றிய பிறகும் பாதிக் குறை நிற்கும், உடனே டர்போ பேச்சு மறுபடி கிளம்பும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்துச் சோதிக்கும் முறை வேண்டாம், மிச்சமிருக்கும் கிளட்சும் கருகும்.

டர்போ என்றதும் சில மெக்கானிக்குகள் துள்ளுவதற்குக் காரணம் உண்டு. ஹோஸில் கமிஷன் கிடையாது. டர்போவில் கடைக்காரர் தரும் பங்கும் உண்டு, கழற்றிய பழையதை விற்ற காசும் உண்டு. சில நேரம் அந்தப் பழையதே கழுவிப் பாலிஷ் போட்டு இன்னொருவர் வண்டியில் 'புதுசு' என்று ஏறும். கம்பெனி சர்வீஸில் இது பொதுவாக நடக்காது என்றாலும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு வரவில்லையா, 'வண்டியில் குறையில்லை' என்று பெரும்பாலும் ஜாப் கார்டை மூடிவிடுவார்கள். லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. புகைப் பரிசோதனை நிலையத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோதனைக் குழாயைப் புகைபோக்கியில் ஒழுங்காகச் செருகி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துச் சோதித்திருந்தால் இந்தக் கரும்புகை அங்கேயே சிக்கியிருக்கலாம். பல இடங்களில் சான்றிதழ் மட்டும் தவறாமல் அச்சாகிறது.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டும் டர்போவுக்கு வாருங்கள். லோடுடன் மேடு ஏறும்போதே ஸ்கேனரில் பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, பார்க்கச் சொல்லுங்கள்: இன்ஜின் கேட்கும் அளவும் கிடைக்கும் அளவும் இரண்டும் அதில் தெரியும். கிடைப்பது குறைவாக இருந்தால், ஆறிய இன்ஜினில் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தை விரலால் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ இறக்கை உறையில் உரசியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஆயில் செல்லும் குழாயைச் சுத்தம் செய்து, இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே புதியதைப் பூட்டச் சொல்லுங்கள், இல்லையேல் ஆயில் கிடைக்காமல் அதுவும் போய்விடும். பில்லோடு பழைய டர்போவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.