ஐரோப்பிய ஒன்றியத்தால் அங்குள்ள சிறு விவசாயிகளுக்கு லாபமா, நஷ்டமா?

கேள்வி கேட்டவர் ஏதோ தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. தெற்கு ஜெர்மனியின் ஆல்காய் பகுதியில், ஒரு பால் பண்ணை வீட்டு மாடியில் 5 வருடம் வாடகைக்கு இருந்தவன். கீழே தொழுவத்தில் 22 மாடுகள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவு பால்தான் ஊற்றலாம் என்று 1984 முதல் ஒன்றியம் ஓர் அளவு வைத்திருந்தது. 2015 மார்ச் 31-உடன் அதை எடுத்துவிட்டார்கள். பெரிய பண்ணைகள் கறந்து தள்ளின. அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே ஐரோப்பியப் பால்பொருட்களுக்கு ரஷ்யா தடை போட்டிருந்தது. 2016 கோடையில் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது லிட்டருக்கு 23 சென்ட். செலவோ 40-க்கு மேல்.

அந்த செப்டம்பரில் ஒரு படிவத்தோடு மாடியேறி வந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை என்பதால் நிரப்பித் தரச் சொன்னார். பாலைக் குறைத்து ஊற்றினால், குறைத்த கிலோவுக்கு 14 சென்ட் தருவதாக ஒன்றியம் அறிவித்திருந்தது. முந்தைய வருடம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான பால் சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கூட்டினோம். 4,000 கிலோ குறைக்க முடியும் என்றார். 560 யூரோ வந்தது. இன்னொரு தடவை கூட்டு என்றார். கூட்டினேன். அதே 560.

அடுத்த வசந்தத்தில் மாடுகளை விற்றுவிட்டார். நிலத்தை 90 மாடு வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்.

"அதுதான் மானியம் கொட்டுகிறதே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் அவர் 10 வருடம் முன்பே கைவிட்டிருப்பார். ஆனால் அது பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கு. நிலம் கூடக் கூடப் பணமும் கூடும். நேரடி மானியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்ச் சேர்வது 20 சதவீதம் பேருக்கு. எல்லாப் பழியையும் ஒன்றியத்தின் தலையில் போடவும் மாட்டேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து கறக்க அவருடைய மகனுக்கும் விருப்பமில்லை.

இதையெல்லாம் ஊரில் சொன்னால், "ஜெர்மனி போயும் மாட்டுத் தொழுவத்து மேலேயா குடியிருக்கே?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். என் தாத்தா மாடு வைத்துத்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தார். அந்த வருமானத்தில் சாப்பிட்டு வளர்ந்த வீட்டில் மாடு எப்போது கேவலமானது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015-இல் ஜெர்மனியில் 70,000-க்கு மேல் பால் பண்ணைகள் இருந்தன. இப்போது 50,000 அளவில்தான். பாலின் அளவு பெரிதாகக் குறையவில்லை. அதனால் கடையில் பால் வாங்குபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஊருக்குத் தெரியும். அங்கே கிராமத்துத் தீயணைப்புப் படையில் இருப்பவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, ஊர்க்காரர்களே. மற்றவர்கள் காலையில் வேலைக்கு நகரத்துக்குப் போய்விடுவார்கள். பகலில் ஊரில் இருப்பது மாடு வைத்திருப்பவர்கள்தான். பனி கொட்டினால் டிராக்டரில் தகடு மாட்டிச் சாலையைத் தள்ளிவிடுவதும் அவர்கள்தான்.

நான் கிளம்புவதற்கு முந்தைய கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வைக்கோல் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கு ஊதியதும் ஓடி வந்தது 3 பேர். அடுத்த ஊர் வண்டி வரும்வரை அவர்களால் பக்கத்து வீட்டுக் கூரையை மட்டும்தான் நனைத்துக்கொண்டிருக்க முடிந்தது. அந்த மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். அப்போது அவருக்கு வயது 62.